பழமரக் கன்னு குடுத்து நட்டுத் தர்ற சேவை: நாலு வருஷம் கழிச்சு என் ரிவ்யூ

கன்னு நட்ட வாரமே எழுதுற ரிவ்யூவால யாருக்கும் பிரயோஜனம் இல்ல, மரம் என்ன ஆச்சுன்னு தெரியாம எத வச்சு நல்லாருக்கு நல்லால்லன்னு சொல்றது? அதான் நாலு வருஷம் பொறுத்து எழுதுறேன். சிறு விவசாயிங்க நிலத்துல இவங்களே ஒட்டுக்கன்னு (விதையில முளைச்ச செடி மேல நல்ல மரத்தோட கிளைய ஒட்ட வச்சது) கொண்டு வந்து குழி எடுத்து நட்டுக் குடுத்து, மூணு வருஷம் வந்து பாக்கறதா சொல்ற அமைப்பு. பேர் வேண்டாம். என்கிட்ட இருக்கறது சரிவான முக்கால் ஏக்கர், அதுல வருஷப் பயிர் மட்டும்தான் போட்டுட்டு இருந்தேன், ஒவ்வொரு மழைக்கும் மேல் மண்ணு கரைஞ்சு ஓடும்.

மொத்தம் 40 கன்னு. மா 16, கொய்யா 14, சப்போட்டா 6, அவகேடோ 4. இன்னைக்கு உயிரோட இருக்கறது 33. மா 13, கொய்யா 11, அவகேடோ 3, சப்போட்டா மட்டும் ஆறும் அப்படியே இருக்கு.

முதல்ல நல்லத சொல்லிடறேன். கொடுத்தது விதைக்கன்னு இல்ல, ஒட்டுக்கன்னு. சின்ன நிலம் வச்சிருக்கவனுக்கு இது ரொம்பப் பெரிய விஷயம்ங்க, விதை போட்டு வளத்த மா காய்க்க ஆறு எட்டு வருஷம் கூட ஆகும், அதுவும் தாய்மரத்து ருசி வரும்னு நிச்சயம் கிடையாது, அவ்ளோ நாள் சாப்பாட்டுக்கு என்ன பண்றது? ஒட்டு மூணு நாலு வருஷத்துல காய்ப்புக்கு வந்துடும். மாவுல முதல் மூணு வருஷம் வர்ற பூவ கிள்ளிப் போடுங்கன்னு சொன்னாங்க, மனசே வரல, ஆனா செஞ்சேன், இப்ப மரம் நல்லா தடிச்சு கிளை வாங்கி இந்த வருஷம்தான் முதல் காய் எடுத்தேன். அதுவரைக்கும் கைக்கு காசு வந்தது கொய்யாலதான், ரெண்டாவது வருஷமே காய்ச்சுது. மாவுக்கு 33 அடி இடைவெளி விட்டு நடுவுல கொய்யா, மிச்ச இடத்துல பயறு வகை ஊடுபயிருன்னு போட்டுக் குடுத்த பிளான் அவங்களோடது, அதுக்கு முழு மார்க்.

மண்ண பத்தி கண்டிப்பா சொல்லணும். சரிவுக்கு குறுக்கே வரப்பு போட்டு அந்த வரிசையிலதான் நட்டாங்க, உதிர்ற இலையெல்லாம் அங்கயே மூடாக்கா போட்டுட்டு வர்றேன், இப்ப கோடையில கூட இலைய வெலக்கி விரல விட்டா ஈரம் தட்டுது, மண்புழு வருது. பூக்கிற நேரத்துல தேனீ, ஈ எல்லாம் மொய்க்குது (மாவுக்கு மகரந்தச் சேர்க்கைல ஈக்களுக்கு பெரிய பங்கு இருக்கு, அதனால பூவுல இருக்கப்ப மருந்து அடிக்காதீங்க ப்ளீஸ்). காய்க்கிற மரத்த எவனும் சும்மா வெட்ட மாட்டான், அதனால அது காத்துல இருந்து இழுத்து வச்ச கார்பனும் அதுக்குள்ளயே நிக்கும். காட்டுக்கு இது மாற்று இல்ல, ஆனா வெட்டவெளியா கெடந்த நிலத்துக்கு இது எவ்ளோவோ மேல்.

இப்ப குறைகள். செத்துப்போன மூணு கொய்யாவையும் புடுங்கிப் பாத்தேன், வேர் பைக்குள்ள இருந்த ஷேப்லயே வட்டமா சுத்திக்கிட்டு இருக்கு, வெளிய ஒரு வேர் கூட போகல. பையில ரொம்ப நாள் கிடந்த பழைய கன்னு. வாங்கும்போதே பைக்கு அடியில வேர் தடிச்சு வெளிய வந்திருந்தா அந்தக் கன்னு வேணாம்னு சொல்லிடுங்க. அடுத்து ஒட்டுக்கட்டுல சுத்தின பிளாஸ்டிக் நாடா, அத அவுக்கணும்னு யாருமே சொல்லல, ரெண்டு மாமரத்துல தண்டு பெருத்து நாடா உள்ள இறுகி, காத்து அடிச்சப்ப ஒண்ணு அந்த இடத்துலயே ஒடிஞ்சுது, இன்னொண்ண நானா பாத்து அறுத்துவிட்டு காப்பாத்தினேன். ஒட்டுக்கு கீழ துளிர்க்கிறதையும் அப்பப்ப கிள்ளணும், விட்டா அது மேல ஏறி ஒட்டு அமுங்கிடும், கடைசில நம்ம கையில இருக்கறது வெறும் விதைமரம். மத்த ரெண்டு மா முதல் கோடையில தண்ணி பத்தாம போச்சு.

அவகேடோதான் ரொம்ப வருத்தம். தண்ணி தேங்குற பள்ளத்துல ஒண்ண நட்டு அது வேர் அழுகிப் போச்சு. மிச்ச மூணும் இந்த வருஷம் மரம் தெரியாத அளவுக்கு பூத்துச்சு, காய் ரொம்ப ரொம்ப கம்மி. விசாரிச்சா எல்லாமே ஏ வகை. ஏ வகைப் பூ காலையில பெண்ணா திறந்து மூடி மறுநாள் மதியத்துக்கு மேல ஆணா திறக்கும், பி வகை மதியத்துக்கு மேல பெண், மறுநாள் காலைல ஆண். ரெண்டும் பக்கத்துல இருந்தாதான் நல்லா காய் பிடிக்கும். இது கன்னு குடுக்கறவங்களுக்கு தெரிஞ்சிருக்க வேண்டிய விஷயம் இல்லையா?

மூணு வருஷம் வர்றோம்னாங்க, ரெண்டாவது கோடையோட நின்னுபோச்சு. அவங்க கணக்குல இன்னும் என் பேர்ல 40 மரம் நிக்குது. எத்தன நட்டீங்கன்னு கேக்காதீங்க, மூணாவது கோடை தாண்டி எத்தன நிக்குதுன்னு கேளுங்க, ஒட்டுக்கு கிளை எடுத்த தாய்மரம் எங்க இருக்கு, பாக்கலாமான்னு கேளுங்க. பதில் சொல்றவங்ககிட்ட மட்டும் வாங்குங்க.

இன்னொண்ணு, எல்லாரும் மா மா மான்னு நட்டா ஒரே நேரத்துல காய்ச்சு வில போகாது. கென்யாவுல நைரோபில இருக்கற உலக வேளாண் காடுகள் மையம் (பயிரோட மரத்தையும் சேத்து வளக்கறத ஆராயற அமைப்பு), 1978ல ஆரம்பிச்சது, அவங்க ஒரு முறை சொல்லித் தர்றாங்க. 12 மாசத்தையும் எழுதி எந்த மாசம் நம்ம நிலத்துல எந்தப் பழம்னு நிரப்பிட்டு வரணும், காலியா இருக்கற மாசத்துக்கு ஏத்த மரத்த தேடி நடணும். வீட்டுப் பிள்ளைங்களுக்கும் வருஷம் பூரா பழம் கிடைக்கும்ல. நான் எழுதிப் பாத்தேன், என்கிட்ட நாலு மாசம் காலி.

5க்கு 3 ஸ்டார். கன்னு ரகமும் பிளானும் நல்லாருந்துச்சு, கவனிப்புக்குதான் ரெண்டு ஸ்டார் கட். இந்த மழைக்கு பி வகை அவகேடோ ரெண்டு நடப்போறேன், மேட்டுல குழி எடுத்து ஆறப்போட்டாச்சு, கன்னு மட்டும் இந்த தடவ நானே போயி வேர பாத்து எடுத்துட்டு வருவேன்.