கையேட்டின் அடியில் ஒரு தேதி: ஓபன்பிஎஸ்டியோடு எட்டு ஆண்டுகள்

ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தில், கணினியோடே வரும் கையேட்டுப் பக்கங்களான மேன் பக்கங்களில் எதைத் திறந்து கடைசி வரிவரை உருட்டினாலும் அங்கே ஒரு தேதி இருக்கும். ஓரத்தில் வெளியீட்டு எண், நடுவில் தேதி. முதல் ஓராண்டு இதை நான் கவனித்ததே இல்லை. இப்போதெல்லாம் ஒரு கட்டளையின் பக்கத்தைத் திறந்தால் முதலில் என் கண் போவது அங்கேதான்.

2017 ஏப்ரலில் வந்த 6.1இல் ஆரம்பித்தேன். ஒரு பழைய மடிக்கணினி, ஃபயர்வாலாகவும் (வலைப் போக்குவரத்தை வடிகட்டும் காவலாகவும்) என் மின்னஞ்சல் சேவையகமாகவும் ஓடும் ஒரு சின்னப் பெட்டி, இந்த இரண்டும்தான் என் சோதனைக்கூடம். 6.1இலிருந்து 7.7 வரை 16 தடவை அப்கிரேடு செய்திருக்கிறேன். இடையில் ஒரு வெளியீட்டையும் தாண்டவில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு வெளியீடு, கடைசி இரண்டுக்கு மட்டும் திருத்தங்கள் என்பது இவர்கள் கணக்கு. தாண்டினால் பின்னால் அவஸ்தை நமக்குத்தான். (6.9க்கு அப்புறம் 7.0 வந்ததும் ஏதோ பெரிய மாற்றம் என்று சிலர் பரபரத்தார்கள். அப்படியெல்லாம் இல்லை. ஒவ்வொரு முறையும் 0.1 கூடும், அவ்வளவுதான்.)

நான் வாங்கிய முதல் அடி ஃபயர்வாலில். நிறுவிய வாரமே இணையத்தில் ஒரு வழிகாட்டியைத் தேடிப் பிடித்தேன். படங்களோடு, படிப்படியாக, அழகாக எழுதியிருந்தார்கள். அதில் இருந்த விதிகளை அப்படியே பிஎஃப் என்ற இதன் ஃபயர்வாலின் அமைப்புக் கோப்பில் தட்டினேன். ஏற்றியதும் 14ஆம் வரியில் தொடரியல் பிழை என்றது. எழுத்துப்பிழையாக இருக்கும் என்று ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தது. அந்த வரியை நீக்கினால் பிழை போய்விடும், ஆனால் உள்ளே இருக்கும் கணினி எதற்கும் இணையம் கிடைக்காது. அந்த மாலை முழுக்க இதிலேயே போனது.

கடைசியில் வேறு வழியில்லாமல் பிஎஃப் கோப்புக்கான மேன் பக்கத்தைத் திறந்தேன். உள்ளே இருக்கும் கணினிகளின் முகவரியை வெளி முகவரியாக மாற்ற நான் தட்டிய மாதிரியான 'நாட்' வரியே அதில் இல்லை. முகவரி மாற்றம் இப்போது தனி விதி கிடையாதாம். சாதாரண 'மேட்ச்' அல்லது 'பாஸ்' விதியின் வாலில் ஒரு சொல்லாக ஒட்டிக்கொள்கிறது. விஷயம் இதுதான்: 2010இல் 4.7 வெளியானபோதே இந்த இலக்கணத்தை மாற்றிவிட்டார்கள். நான் நகலெடுத்த வழிகாட்டி அதற்கும் முந்தியது. ஏழு ஆண்டுகளாக அது தவறான பாடத்தையே வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. அதில் தேதியே இல்லை என்பதுதான் கொடுமை. மேன் பக்கத்தைப் பார்த்துத் திருத்தியதும் பத்தே நிமிடத்தில் வேலை முடிந்தது.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். வெளியே எதைப் படித்தாலும், தட்டுவதற்கு முன் மேன் பக்கத்தோடு ஒரு தடவை ஒப்பிட்டுவிடுவேன். லினக்ஸிலிருந்து வந்த எனக்கு இது முதலில் விசித்திரமாகத்தான் இருந்தது. அங்கே மேன் பக்கத்தை நான் கடைசிப் புகலிடமாகத்தான் வைத்திருந்தேன். இங்கே திட்டத்தின் கேள்வி-பதில் தொகுப்பே, அதிகாரபூர்வமான ஆவணம் மேன் பக்கங்கள்தான் என்று சொல்லிவிட்டுத்தான் பேச்சையே தொடங்குகிறது.

இது எப்படி இவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று பின்னால் தோண்டிப் பார்த்தேன். ரகசியம் ஒன்றும் இல்லை. ஒரு கட்டளையின் மூல நிரல் இருக்கும் அதே அடைவில்தான் அதன் மேன் பக்கமும் இருக்கிறது. நிரலின் நடத்தையை மாற்றுகிறவர் பக்கத்தையும் மாற்றியாக வேண்டும். மாற்றாவிட்டால் யாராவது கேட்பார்கள். கையேட்டில் தவறு இருந்தால் அதையும் நிரலில் உள்ள வழுவைப் போலவே நடத்துகிறார்கள். பக்கத்தின் அடியில் இருக்கும் தேதியும் யாரும் ஞாபகம் வைத்துக் கையால் போடுவது அல்ல. கோப்பை மாற்றிச் சேர்க்கும்போது நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் சிவிஎஸ் என்ற கருவி தானே புதுப்பித்துவிடுகிறது. ஆமாம், இவர்கள் இன்னும் சிவிஎஸ்தான். ஒரு காற்புள்ளியைத் திருத்தினாலும் தேதி மாறிவிடும் என்பதால் புதிய தேதி என்றால் பெரிய மாற்றம் என்று பொருள் இல்லை. ஆனால் பக்கத்தை யாரோ அண்மையில் தொட்டிருக்கிறார்கள் என்பது நிச்சயம்.

பக்கங்களைக் காட்டும் கருவியையும் சொல்ல வேண்டும். மாண்டாக் என்று பெயர். 2008இல் கிறிஸ்டாப்ஸ் ஜோன்சன்ஸ் தொடங்கியது, பின்னால் இங்கோ ஸ்வார்ட்சே பராமரிப்பில் வளர்ந்தது. இது எழுத்தை அடுக்கிக் காட்டுவதோடு நிற்பதில்லை. எது கட்டளையின் பெயர், எது சூழல் மாறி (நிரல்கள் படித்துக்கொள்ளும் அமைப்பு மதிப்பு), எது கொடி (கட்டளையோடு சேர்த்துத் தட்டும் தெரிவு) என்று அதற்குத் தெரியும். அதனால் ஒரு சூழல் மாறியைப் பற்றிப் பேசும் பக்கங்களை மட்டும் தேடு என்று கேட்கலாம். நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்லின் நீண்ட மேன் பக்கத்தைத் திறந்துகொண்டு முக்காற்புள்ளி, 'ட்டி', அப்புறம் தேடும் சொல் என்று தட்டினால் நேரே அந்த விளக்கத்தில் போய் இறங்கலாம். இதைத் தெரிந்துகொள்ளும் முன் அந்தப் பக்கத்தை நான் எத்தனை முறை மேலும் கீழும் உருட்டியிருப்பேன் என்று நினைத்தால் சிரிப்புதான் வருகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது சாதன இயக்கிகளின் பக்கங்கள். இங்கே வலை இடைமுகத்துக்கு இயக்கியின் பெயரே பெயர். என் மடிக்கணினியில் வைஃபை 'ஐடபிள்யூஎம்0' என்று தோன்றியது. உடனே 'மேன் ஐடபிள்யூஎம்' என்று தட்டினேன். எந்தெந்தச் சில்லுகள் வேலை செய்யும், சில்லுக்குள் ஏற்றும் ஃபர்ம்வேர் கோப்பு எங்கே இருக்க வேண்டும், அமைப்புக் கோப்பில் என்ன எழுத வேண்டும், பிழைச் செய்தி வந்தால் அதற்கு என்ன பொருள் என்று எல்லாம் ஒரே பக்கத்தில். இணையமே இல்லாத கணினியில் இணையத்தைக் கொண்டுவரத் தெரிய வேண்டியதெல்லாம் அந்தக் கணினியிலேயே இருக்கிறது! 2018இல் 6.4 வந்தபோது, தெரிந்த வைஃபை வலைகளை வரிசையாக எழுதிவைத்தால் கிடைப்பதில் தானே சேர்ந்துகொள்ளும் 'ஜாயின்' வசதி வந்தது. அதுவரை இடம் மாறும்போதெல்லாம் கோப்பைத் திருத்திக்கொண்டிருந்தேன். அப்கிரேடு முடித்த அன்றே மேன் பக்கத்தின் எடுத்துக்காட்டைப் பார்த்து மூன்று வரி எழுதினேன். அந்த மூன்று வரிகள் இன்றும் அப்படியேதான் இருக்கின்றன.

அதே 6.4இல்தான் மின்னஞ்சல் சேவையகத்தின் அமைப்பு இலக்கணமும் தலைகீழானது. 'அக்செப்ட்' என்று தொடங்கிய பழைய வரிகள் எல்லாம் செல்லாது. முதலில் 'ஆக்‌ஷன்' என்று செயலுக்கு ஒரு பெயர் வைத்து, பிறகு 'மேட்ச்' வரியில் அந்தப் பெயரைக் கூப்பிட வேண்டும். ஃபயர்வாலில் பட்டிருந்ததால் இந்த முறை உஷாராக இருந்தேன். அந்த வெளியீட்டுக்கான அப்கிரேடு வழிகாட்டியை முந்தின இரவே படித்து, புதிய கோப்பைத் தனியாக எழுதி வைத்துவிட்டேன். பன்னிரண்டு வரிக் கோப்புதான். மறுநாள் அப்கிரேடு முடிந்து சேவை எழுந்தபோது ஒரு மின்னஞ்சல்கூடத் தவறவில்லை. பழசையும் புதுசையும் சேர்ந்தாற்போல் ஏற்றுக்கொள்ளும் இடைக்காலம் எதையும் இவர்கள் தருவதில்லை. மாற்றினால் மாற்றியதுதான். அதற்கு ஈடாக, மாறியதை முன்கூட்டியே எழுதி வைக்கிறார்கள். படிக்காமல் போனால் பழி நம் மேல்தான்.

அந்தப் பழி என் மேல் விழுந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். முதல் நான்கு அப்கிரேடுகளை நிறுவல் கர்னலில் (நிறுவுவதற்கென்றே உள்ள இயங்குதள மையக் கருவில்) துவக்கி, கேள்விகளுக்குப் பதில் தட்டித்தான் செய்தேன். 2019இல் 'சிஸ்அப்கிரேடு' வந்தது. 6.6இன் கருவி என்றாலும், 6.5இல் இருந்தவர்கள் பயன்படுத்துவதற்காகவே அதற்கும் ஒரு பேட்ச்சாகத் தந்தார்கள். ஒரே கட்டளை. கோப்புகளை இறக்கி, சரிபார்த்து, மறுதுவக்கம் செய்து, ஏற்றி, திரும்பவும் துவங்கிவிடும். எனக்குச் சோம்பல் வந்துவிட்டது. வழிகாட்டியைப் படிப்பதையே விட்டுவிட்டேன்.

பிறகு ஒரு வெளியீட்டின்போது, கோப்புகளை விரிக்கும் பாதியில் 'வட்டு நிரம்பியது' என்று வரிசையாகச் செய்தி ஓடியது. நிரல்கள் உட்காரும் யூஎஸ்ஆர் பார்ட்டிஷனை (வட்டின் ஒரு பிரிவை) 2017இல் நானே கையால் சின்னதாக வெட்டியிருந்தேன். அதற்குள்ளேயே, வெளி மென்பொருளைக் கட்டுவதற்கான போர்ட்ஸ் மரத்தையும் பிரித்துப் போட்டிருந்தேன். அப்கிரேடுக்கு முன் அங்கே எவ்வளவு இடம் இருக்கிறது பார் என்று வழிகாட்டியில் தெளிவாக எழுதியிருந்தது. பாதி பழசு, பாதி புதுசு என்று நின்ற கணினியில் எந்தக் கட்டளையைத் தொட்டாலும் அது செத்துச் செத்து விழுந்தது. நல்லவேளையாக நிறுவல் கர்னல் ரூட் அடைவில் பத்திரமாக இருந்தது. அதில் துவக்கி, ஷெல்லுக்குள் போய், பார்ட்டிஷனை ஏற்றி, போர்ட்ஸ் மரத்தை அழித்துவிட்டு அப்கிரேடை முதலிலிருந்து ஓட்டினேன். பிழைத்துக்கொண்டது. அடுத்த வாரம் வட்டை முழுதாக அழித்து, தானியங்கிப் பிரிப்பையே ஏற்றுக்கொண்டு புதிதாக நிறுவினேன். நம்மைவிட அதற்கு அளவு நன்றாகத் தெரிகிறது.

முன்னேற்றம் என்ற சொல்லுக்கு இங்கே கொஞ்சம் வேறு பொருள். வெளியீட்டுக் குறிப்புகளில் சேர்த்தவை ஒரு பக்கம் என்றால், எடுத்தவை இன்னொரு பக்கம் இருக்கும். ப்ளூடூத் அடுக்கை 2014இலேயே தூக்கிவிட்டார்கள். சரியாக வேலை செய்யவில்லை, பார்த்துக்கொள்ள ஆளும் இல்லை. லினக்ஸ் நிரல்களை ஓட்டும் வசதி 6.0இல் போனது. கோப்பு முறைமையை வேகப்படுத்தும் 'சாஃப்ட்டெப்' தெரிவு 7.4இல் செயலற்றுப் போனது. நான் ஆரம்பித்த காலத்தில் நிறுவியதும் முதல் வேலையாக அதைப் போடச் சொல்லாத ஆளே கிடையாது. இன்றும் பழைய குறிப்புகள் அதையே சொல்லிக்கொண்டிருக்கின்றன. பராமரிக்க முடியாததை வைத்துக்கொண்டு ஆவணத்தில் பொய் சொல்வதைவிட இரண்டையும் சேர்த்து எடுத்துவிடுவது நேர்மை என்பது என் கட்சி. ஆனால் கம்பியில்லா ஹெட்ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு அந்த நேர்மையைப் பாராட்டுவது கஷ்டம். வைஃபையிலும் அப்படித்தான்: 802.11ஏசி என்ற வேகமான வைஃபை தரத்துக்கு ஆதரவு என் மடிக்கணினிக்கு 2022இல், 7.1இல்தான் வந்தது. மற்ற இயங்குதளங்களில் அது எப்போதோ பழசாகிவிட்டிருந்தது. பெரிய கோப்புகளை நகலெடுக்கும்போது வட்டின் வேகமும் லினக்ஸ் அளவுக்குக் கிடையாது. இதை யாரும் மறுக்கப் போவதில்லை.

ஆவணத்திலும் குறை இல்லாமல் இல்லை. மேன் பக்கம் இருப்பதை இருக்கிறபடி சொல்லும். எங்கே தொடங்க வேண்டும் என்று சொல்லாது. நிறுவியதும் நிர்வாகிக் கணக்கான ரூட்டுக்கு ஒரு வரவேற்பு மின்னஞ்சல் வந்திருக்கும். அது கைகாட்டும் 'ஆஃப்டர்பூட்' பக்கம்தான் புதியவர்களுக்கு உள்ள ஒரே பாதை என்று சொல்லலாம். அதுவும் நெட்வொர்க் என்றால் என்ன என்று ஏற்கெனவே தெரிந்தவருக்கு எழுதியதுதான். நான்கு பேருக்கு இந்த இயங்குதளத்தை அறிமுகப்படுத்தினேன். இரண்டு பேர் முதல் வாரமே திரும்பிப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

இன்னொன்று, அடிப்படை முறைமைக்கு இருக்கும் இந்த ஒழுங்கு வெளியிலிருந்து வரும் மென்பொருளுக்குக் கிடையாது. இருக்கவும் முடியாது. அங்கே இவர்கள் தருவது 'பிகேஜி-ரீட்மீஸ்' என்ற அடைவில் ஒரு சின்னக் குறிப்புக் கோப்பு. இதை மதிக்காமல் ஒருமுறை அந்த வெளி மென்பொருள் பொதிகளை எல்லாம் மொத்தமாகப் புதுப்பித்தேன். போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருள் அடுத்த பெரிய பதிப்புக்குத் தாவிவிட்டது. பழைய தரவு அடைவைப் பார்த்ததும், இது என் பதிப்பு இல்லை என்று எழ மறுத்தது. என்ன செய்ய வேண்டும் என்று அந்தக் குறிப்புக் கோப்பில் வரி வரியாக இருந்தது. பழைய பதிப்பின் நிரல்களைத் தனிப் பொதியாகவே வைத்திருந்தார்கள். புதுப்பிப்பதற்கு முன் படித்திருந்தால் அரை மணி நேர வேலை. எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

ஒரே ஒரு முறை நானும் கைவைத்திருக்கிறேன். ஒரு கட்டளையின் எடுத்துக்காட்டில் கொடி ஒன்று பழைய பெயரிலேயே இருப்பதைப் பார்த்தேன். மூல நிரலை இறக்கி, ஒரே ஒரு வரியை மாற்றி, டிஃப் (மாறிய வரிகளை மட்டும் காட்டும் கோப்பு) எடுத்து அனுப்பினேன். மறுநாளே பதில் வந்தது. என் திருத்தம் சரிதானாம், ஆனால் அதே பக்கத்தில் இன்னும் இரண்டு இடங்களில் அதே பிழை இருக்கிறதாம், அவற்றையும் சேர்த்தே திருத்திவிட்டார்களாம். நன்றி என்று ஒரு சொல், அதோடு சரி. ஆறு மாதம் கழித்து அடுத்த வெளியீட்டை ஏற்றியதும் அந்தப் பக்கத்தைத் திறந்து நேரே அடிவரைக்கும் உருட்டினேன். என் திருத்தம் சேர்ந்த நாள்தான் அங்கே தேதியாக இருந்தது.

2025 அக்டோபரில் 7.8 வந்தது. வழிகாட்டியை இரண்டு தடவை படித்துவிட்டேன். மடிக்கணினியில் நேற்று இரவு ஏற்றினேன், சிக்கல் ஒன்றும் இல்லை. சின்னப் பெட்டி பாக்கி இருக்கிறது. யூஎஸ்ஆரில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் அதைத் தொட வேண்டும்.