நிறம் மீண்ட 'சஸ்பீரியா': சினாப்ஸ் நிறுவனத்தின் ஸ்டீல்புக் பதிப்பு

டாரியோ அர்ஜென்டோ 1977இல் இயக்கிய 'சஸ்பீரியா' என்ற இத்தாலியத் திகில் படத்தைக் கதைக்காக யாரும் போற்றுவதில்லை. ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரத்து நடனப் பள்ளி ஒன்றில் சேர வரும் சூஸி என்ற அமெரிக்க இளம்பெண், அந்தப் பள்ளியை நடத்துபவர்கள் சூனியக்காரிகள் என்பதைப் படிப்படியாகக் கண்டுகொள்கிறாள், கதை அவ்வளவுதான். வசனங்களில் பல தட்டையானவை, சில திருப்பங்களுக்குக் காரணமே கிடையாது. ஆனாலும் இந்தப் படத்துக்கென்று தலைமுறை தாண்டிய ஒரு ரசிகர் கூட்டம் இருக்கிறதென்றால், அதற்குக் காரணம் அதன் நிறமும் ஒலியும் மட்டுமே. ஆகவே இப்படத்தின் வட்டு எதுவானாலும், முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதன் பெட்டியைப் பற்றியது அன்று. லூசியானோ டோவோலி ஒளிப்பதிவு செய்த சிவப்பும் நீலமும் பச்சையும் அன்று திரையரங்கில் விழுந்ததற்கு நெருக்கமாக நம் கண்ணுக்கு வருகின்றனவா என்பதே. அமெரிக்காவின் சினாப்ஸ் ஃபிலிம்ஸ் நிறுவனம், 6,000 பிரதிகள் என்ற வரம்போடு 2017 டிசம்பரில் வெளியிட்ட மூன்று வட்டு ஸ்டீல்புக் (உலோக உறையிட்ட) பதிப்பைச் சேகரிப்பாளர்கள் பெரும்பாலும் அதன் எண்ணிக்கைக்காகவே பேசுகிறார்கள். அதன் உண்மையான மதிப்பு அந்தக் கேள்விக்கு அது தரும் பதிலில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

அந்தப் பதிலின் அருமை புரிய, படத்தின் நிறம் எப்படி உருவானது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். டோவோலி நடிகர்கள்மீது நிறத்தைப் பாய்ச்சுவதற்கு வழக்கமான வண்ணத் தாள்களை நம்பவில்லை. வலிமையான ஆர்க் விளக்குகளுக்கு முன்னால் வெல்வெட்டையும் மெல்லிய தாள்களையும் கட்டி, அந்த நிறமேறிய ஒளியை முகங்களுக்கு மிக அருகில் கொண்டுவந்து நிறுத்தினார். படப்பிடிப்பில் இவ்வாறு பதிவான நிறம், திரையரங்குப் பிரதிகள் எடுக்கப்படும்போது டெக்னிகலர் நிறுவனத்தின் சாயப் பதிப்பு முறையால் இன்னொரு மடங்கு செறிவூட்டப்பட்டது. நெகட்டிவிலிருந்து மூன்று தனித்தனி அச்சுப் படலங்களை எடுத்து, அவற்றில் மஞ்சள், மெஜந்தா, நீலப்பச்சை ஆகிய சாயங்களை ஏற்றி, வெற்றுச் சுருளில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிப்பது அம்முறை. அப்படி எடுக்கப்பட்ட பிரதியின் கறுப்பு அடர்ந்த கறுப்பாக இருக்கும். சிவப்பு, அருகிலுள்ள நிறத்தோடு கலங்காமல் தனித்து நிற்கும். சாதாரண வண்ணப் பிரதிகளைப் போல ஆண்டுகள் செல்லச் செல்ல வெளிறி இளஞ்சிவப்பாகவும் மாறாது. அமெரிக்காவில் இந்த முறை கைவிடப்பட்ட பிறகும் ரோமில் இருந்த டெக்னிகலர் கூடம் அதைச் சில காலம் தொடர்ந்தது. 'சஸ்பீரியா' அங்கே அம்முறையில் அச்சான கடைசிப் படங்களுள் ஒன்று.

இதில் மீட்டுருவாக்கம் செய்பவருக்கு ஒரு பெரிய சிக்கல் காத்திருக்கிறது. நாம் அறிந்த 'சஸ்பீரியா'வின் நிறம் நெகட்டிவில் முழுமையாக இல்லை. பாதி அதில் இருக்கிறது, மீதி சாயப் பதிப்பில் பிறந்தது. நெகட்டிவை எவ்வளவு நுட்பமாக ஸ்கேன் செய்தாலும், அந்தப் பிரதி எப்படி இருந்தது என்பதை அறிந்த ஒருவர் பக்கத்தில் இல்லாவிட்டால் நிறத்தை ஊகிக்கத்தான் முடியும். முந்தைய வட்டுகள் சில சறுக்கியதும் இங்கேதான். செறிவு வேண்டும் என்பதற்காக ஒளிமாறுபாட்டை (கான்ட்ராஸ்ட்) வரம்பின்றி ஏற்றியதில், விளக்குகளும் வெள்ளைச் சுவர்களும் விவரமற்ற வெண்திட்டுகளாயின, சிவப்பு எரிந்தது, முகங்கள் மெழுகாயின. பார்ப்பவர்கள் பலர் அதையே படத்தின் இயல்பு என்று எடுத்துக்கொண்டதுதான் வருத்தம்.

சினாப்ஸ் பதிப்புக்கான பணி, வெட்டப்படாத இத்தாலிய 35 மில்லிமீட்டர் கேமரா நெகட்டிவைக் கொண்டு, ஜெர்மனியின் டிஎல்இ ஃபிலிம்ஸ் கூடத்தில் மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக 4கே தரத்தில், அதாவது ப்ளூ-ரேயைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு புள்ளிகளோடு, நடந்தது. நிறத்திருத்தத்தை டோவோலியே மேற்பார்வையிட்டு ஒப்புதல் அளித்திருக்கிறார். இப்படிப்பட்ட ஒப்புதல்களை விளம்பரச் சொல்லாகக் கடந்து போவது நம் வழக்கம். இந்தப் படத்தைப் பொறுத்தவரை, மேலே சொன்ன காரணத்தால், அதுவே பணியின் அடித்தளம்.

திரையில் அதன் பலன் முதல் சில நிமிடங்களிலேயே தெரிகிறது. விமான நிலையத்திலிருந்து வெளியேறிக் கொட்டும் மழையில் டாக்சி ஏறும் சூஸியின் முகத்தில் நிறங்கள் மாறிமாறி விழும்போது, ஒவ்வொரு நிறத்துக்குள்ளும் தோலின் இயல்பான சாயல் அழியாமல் இருக்கிறது. ஃப்ரைபர்க்கின் 'ஹவுஸ் சும் வால்ஃபிஷ்' என்ற பழைய கட்டடத்தை மாதிரியாகக் கொண்டு ரோமில் எழுப்பப்பட்ட பள்ளியின் சிவப்பு முகப்பில், சுவரும் பொன்னிறப் பூவேலையும் தனித்தனியாகப் பிரிந்து தெரிகின்றன. எனக்கு மிக முக்கியமாகப் பட்டது, கூரையிலிருந்து புழுக்கள் கொட்டிய இரவில் மாணவிகள் எல்லோரும் பயிற்சிக் கூடத்தில் படுக்கும் காட்சி. விளக்குகள் அணைந்ததும் கூடம் முழுவதும் சிவப்பில் மூழ்குகிறது. தொங்கவிட்ட வெள்ளைத் துணிகளுக்குப் பின்னால் ஓர் உருவம் நிழலாகப் படுத்துக் கரகரத்த மூச்சு விடுகிறது. சிவப்பு எல்லை மீறினால் இந்தக் காட்சி வெறும் வண்ணக் குழம்பாகிவிடும். இங்கே துணியின் மடிப்புகள் தெரிகின்றன, நிழலின் விளிம்பு தெரிகிறது, துணிக்கு இந்தப் பக்கம் படுத்திருக்கும் பெண்களின் கண்களில் உள்ள கலக்கம் தெரிகிறது. பயம் அந்த விவரங்களிலிருந்துதான் வருகிறது. படச்சுருளின் இயல்பான மணித்துகளை (கிரெயின்) துடைத்தெடுக்காமல் விட்டதையும் பாராட்ட வேண்டும்.

இவ்வளவு தெளிவு சில குறைகளையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறது. சூஸியைத் தாக்கும் வௌவால் பொம்மை என்பது இனி யாருக்கும் மறையாது. இரத்தம் வண்ணப்பூச்சுப் போலவே மின்னுகிறது. பின்னது குறையே அன்று, அர்ஜென்டோ விரும்பியதே அப்படித்தான். இன்னொரு பயனும் உண்டு: கதவுகளின் கைப்பிடிகள் நடிகைகளின் தலையளவு உயரத்தில் பொருத்தப்பட்டிருப்பது இப்போது தானாகவே கண்ணில் படுகிறது. முதலில் சிறுமிகளை வைத்து எடுக்கத் திட்டமிட்ட கதை இது. வயது கூடிய நடிகைகளும் அந்த வீட்டில் குழந்தைகளாகத் தெரிய வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது.

ஒலியைப் பற்றித் தனியாகச் சொல்லாமல் இருக்க முடியாது. பெரும்பாலான பழைய படங்களின் வட்டுகளில் புதிதாகக் கலந்த பலதட ஒலியே முன்னிறுத்தப்படும். பழைய ஒலி ஒரு சடங்குக்குச் சேர்க்கப்படும். இங்கே 1977ஆம் ஆண்டின் ஆங்கில நான்கு தட ஒலிக்கலவையே தேடி மீட்டெடுக்கப்பட்டு, 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்ற உயர் தரத்தில் முதன்மையாக வைக்கப்பட்டிருக்கிறது. முன்னால் மூன்று தடங்கள், சூழ்ந்து ஒலிப்பதற்கு ஒன்று. படத்துக்கு இசையமைத்த காப்ளின் என்ற இத்தாலிய ராக் குழுவின் இசையில் மணியோசை, புசூக்கி என்ற கிரேக்க நரம்புக் கருவி, தபேலா, மூக் சிந்தசைசர், அவற்றினூடே கிசுகிசுக்கும் குரல் ஆகியவை ஒன்றையொன்று விழுங்காமல் கேட்கின்றன. தொடக்கக் காட்சியில் தானியங்கிக் கதவு திறக்கும்போதெல்லாம் இசை பாய்ந்து வருவதும், மூடியதும் அறுந்துபோய் விமான நிலையத்தின் சாதாரண இரைச்சல் மட்டும் மிஞ்சுவதும் ஓர் இயக்குநர் ஒலியால் செய்த எச்சரிக்கை. அந்த வெட்டின் கூர்மை இந்தக் கலவையில்தான் முழுமையாகப் புரிகிறது. அர்ஜென்டோ படப்பிடிப்புத் தளத்திலேயே இந்த இசையை உரக்க ஒலிக்கவிட்டு நடிகர்களை நடிக்கவைத்தார் என்பது, இதைக் கேட்கும்போது நம்பக்கூடியதாகவே இருக்கிறது.

இத்தாலிய மொழித் தடமும் வட்டில் உண்டு. இத்தாலியப் படம் என்பதால் அதுவே மூலம் என்று கருதிச் சிலர் அதைத் தேர்ந்தெடுப்பார்கள். அக்காலத்து இத்தாலியப் படங்களின் வழக்கப்படி, வெவ்வேறு மொழி பேசும் நடிகர்களை வைத்து எடுத்து, குரலைப் பிறகு சேர்த்த படம் இது. உதட்டசைவு எந்த மொழியிலும் முழுமையாகப் பொருந்தாது. சூஸியாக வரும் ஜெசிகா ஹார்ப்பர் நடிப்பின் மென்மையையும், பள்ளியின் துணைத் தலைவியாக வரும் ஜோன் பென்னட்டின் மிடுக்கான உச்சரிப்பையும் கருதி, முதல்முறை பார்ப்பவர்களுக்கு ஆங்கிலத் தடத்தையே பரிந்துரைப்பேன்.

பெட்டியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. உலோக உறை, அதைச் சுற்றிய அட்டை உறை, டெரிக் போட்டெலோ எழுதிய குறிப்புகள் அடங்கிய சிறு கையேடு ஆகியவை இருக்கின்றன. மலியஸ், வான் ஆர்டன் டிசைன் முதலிய கலைஞர்களின் ஓவியங்கள் படத்தின் முரட்டு நிறங்களை நன்றாகப் பிடித்திருக்கின்றன. உலோக உறைகள் எளிதில் நசுங்கும், கீறல் விழும். சேகரிப்பாளர்கள் ஒரு பிளாஸ்டிக் மேலுறையும் வாங்கி வைப்பது நல்லது. மூன்றாவது வட்டாக வருவது காப்ளின் இசையின் புதுப்பிக்கப்பட்ட குறுந்தட்டு. 1977இல் வெளியான இசைத்தட்டில் இடம்பெறாத பகுதிகளும் இதில் சேர்ந்திருப்பதால், இதைப் பெட்டியை நிரப்ப வைத்த பொருளென்று சொல்ல முடியாது.

இரண்டாம் வட்டில் உள்ள கூடுதல் பகுதிகள் ஒரே தரத்தில் இல்லை. மைக்கேல் மெக்கென்ஸியின் காட்சிக் கட்டுரை, படத்தின் உருவங்களையும் கருத்துகளையும் காட்சிகளை வைத்தே நிதானமாக அலசுகிறது. அதைவிட என்னை ஈர்த்தது ஜெர்மனியில் படம் எடுக்கப்பட்ட இடங்களைப் பற்றிய பகுதி. பார்வையற்ற பியானோக் கலைஞர் தன் வழிகாட்டி நாயாலேயே கடித்துக் கொல்லப்படும் இடம் மியூனிக்கின் கோனிக்ஸ்பிளாட்ஸ் சதுக்கம். நாஜிகள் தங்கள் பேரணிகளுக்குப் பயன்படுத்திய வெளி அது. அந்த வரலாற்றை மனத்தில் வைத்து அக்காட்சியை மறுபடி பார்த்தால், ஆளற்ற பெருவெளியும் இருபுறத் தூண்களும் வேறு வகையில் கனக்கின்றன. வெறும் மாயமந்திரக் கதை என்று ஒதுக்கப்படும் படத்துக்குள் ஐரோப்பாவின் அண்மைக் கடந்தகாலமும் இருக்கிறது என்பதை இந்தப் பகுதி வலிந்து கூறாமல் எடுத்துக்காட்டுகிறது. சூஸியின் சக மாணவி ஓல்காவாக நடித்த பார்பரா மக்னோல்ஃபியின் நேர்காணல் அன்பானது. அமெரிக்க முன்னோட்டங்களும் வானொலி விளம்பரங்களும் ஒருமுறை பார்த்துவிட்டு விடக்கூடியவை. முதல் வட்டில், படம் ஓடும்போதே அதைப் பற்றிப் பேசும் இரண்டு விளக்கவுரைத் தடங்கள் உள்ளன. நேரம் ஒன்றுக்குத்தான் இருக்கிறதென்றால் திரைப்பட எழுத்தாளர் டிராய் ஹோவார்த்தின் தடத்தைக் கேட்கலாம்.

இனி வாங்குவதா வேண்டாமா என்ற கேள்வி. ஸ்டீல்புக்கில் உள்ளது ப்ளூ-ரே. மீட்டுருவாக்கம் 4கே தரத்தில் நடந்தாலும் வட்டில் வருவது அதில் ஒரு பகுதி விவரம்தான். அதே மீட்டுருவாக்கத்தைச் சினாப்ஸ் 2018இல் சாதாரண ப்ளூ-ரேயாகவும், 2019இல் 4கே வட்டாகவும் வெளியிட்டது. எச்டிஆர் வசதியுள்ள (ஒளியையும் நிறத்தையும் கூடுதல் வீச்சில் காட்டும்) தொலைக்காட்சியும் 4கே இயக்கியும் வைத்திருப்பவர்களுக்கு, படத்தைப் பார்ப்பது மட்டுமே நோக்கமென்றால், 2019 வட்டே சிறந்தது. நிறமே உயிரான படத்தில் எச்டிஆர் தரும் கூடுதல் நிறவீச்சை விட்டுக்கொடுக்க நியாயமில்லை. இசைக் குறுந்தட்டு, ஓவியங்கள், கையேடு ஆகியவற்றையும் சேர்த்து விரும்புபவர்களுக்கே ஸ்டீல்புக். அதையும் மறுவிற்பனையாளர்கள் கேட்கும் விலைக்கெல்லாம் வாங்க வேண்டும் என்று சொல்லமாட்டேன். 6,000 என்ற எண் பெட்டிக்குத்தான் அருமை சேர்க்கிறது. உள்ளே இருக்கும் படம் மற்றப் பதிப்புகளிலும் அதே மீட்டுருவாக்கம்தான். 4கே வட்டுகளுக்கு, ஒரு பகுதியில் விற்ற வட்டை இன்னொரு பகுதியின் இயக்கியில் ஓடாமல் தடுக்கும் மண்டலக் கட்டுப்பாடு கிடையாது என்பதால் எந்த நாட்டு 4கே இயக்கியிலும் அவை ஓடும். சாதாரண ப்ளூ-ரேக்கு ஏ, பி, சி என மூன்று மண்டலங்கள் இருப்பதால், பழைய பிரதி ஒன்றை வாங்கும் முன் வட்டின் மண்டலமும் தங்கள் இயக்கியின் மண்டலமும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

எந்தப் பதிப்பை வாங்கினாலும், பார்க்கத் தொடங்கும் முன் தொலைக்காட்சியைத் திரைப்பட நிலைக்கு மாற்றி, அசைவை மென்மையாக்கும் வசதியையும் நிறத்தைத் தூக்கிக் காட்டும் வசதியையும் அணைத்துவிடுங்கள். டோவோலி ஒப்புக்கொண்ட சிவப்பின்மேல் தொலைக்காட்சி தன் பங்குக்கு இன்னொரு சிவப்பைப் பூசினால், மூன்றாண்டு உழைப்பு நீக்கிய அதே பழைய கோளாறு வரவேற்பறையில் திரும்பவும் வந்துவிடும்.