நெபுலைசரா, ஸ்பேசரா?

மகனுக்கு எட்டு மாதத்தில் முதல் தடவை வீசிங் (இழுப்பு) வந்தது. முதுகில் காது வைத்தால் விசில் மாதிரி ஒரு சத்தம். மருந்தைப் புகைபோல ஆக்கி மாஸ்க் வழியே தரும் மெஷினான நெபுலைசர் வைத்தார்கள், வீட்டுக்கும் ஒன்று வாங்கினோம். ஒரு தடவைக்குக் கிட்டத்தட்ட 10 நிமிடம், கரண்டும் வேண்டும். மெஷின் சத்தத்துக்கே வீறிட்டு அழுவான். அழுகிற குழந்தைக்கு மருந்து நுரையீரல்வரை சரியாகப் போய்ச் சேராது.

அப்புறம் டாக்டர் மாஸ்க் உள்ள ஸ்பேசருக்கு, அதாவது இன்ஹேலரைச் செருகும் பிளாஸ்டிக் குழாய்க்கு, மாற்றினார். மருந்து, மூச்சுக்குழாயை விரிக்கும் அதே சால்பியூட்டமால்தான். மடியில் சாய்த்து, மூக்கும் வாயும் மூடும்படி மாஸ்க்கை இடைவெளி இல்லாமல் பிடித்து, இன்ஹேலரை ஒருமுறை அழுத்தி 5, 6 மூச்சு எண்ண வேண்டும். அவ்வளவுதான். ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் அலசி, துடைக்காமல் அப்படியே காயவிடுங்கள். துணியால் துடைத்தால் நிலைமின்சாரம் உண்டாகி மருந்து உள்சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும்.

சாதாரண இழுப்புக்கு ஸ்பேசரும் நெபுலைசருக்குச் சமமாகக் கேட்கும். வீட்டுக்கு ஸ்பேசர் என்பதே என் முடிவு. எத்தனை பஃப் (எத்தனை முறை அழுத்துவது) என்பதை மட்டும் டாக்டர் சொல்லட்டும்.

மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்கத் திணறினாலோ, உதடு நீலமானாலோ வீட்டு வைத்தியம் வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். அங்கே ஆக்சிஜனோடு சேர்த்தே நெபுலைசர் வைப்பார்கள்.