ஃபுட் டிரக் பெர்மிட் சேவை: வண்டிக்கு நாலு ஸ்டார், இடத்துக்கு ஒண்ணு

சாப்பிடுற கடைக்கெல்லாம் ரிவ்யூ எழுதுறோம். அந்தக் கடைக்கு அனுமதி தர்ற ஆபீசுக்கு யாரும் எழுதுறதில்லை. அவங்களும் கட்டணம் வாங்கிக்கிட்டுதானே சேவை செய்றாங்க? ஃபுட் டிரக் ஓட்டுறவ என்கிற முறையில, மாநகராட்சி பெர்மிட் சேவை பத்தி நான் எழுதிடறேன்.

நல்லதை முதல்ல சொல்லணும். சுகாதார ஆய்வு உண்மையிலேயே தரமா இருந்துச்சு. வந்த ஆய்வாளர் ஃபைலைத் தொடவே இல்லை, நேரா கை கழுவுற சிங்க்கிட்ட போனார். வெந்நீர்க் குழாயைத் திறந்து விரலை நீட்டிக்கிட்டே நின்னார், சூடு வர்ற வரைக்கும். பாத்திரம் கழுவுற தொட்டியிலேயே கையும் கழுவிக்கலாம்னு நினைக்கிறவங்களை அவர்கிட்ட அனுப்பணும்! அடுத்து குனிஞ்சு ரெண்டு டேங்கையும் டேப் வெச்சு அளந்தார். கழிவு நீர் டேங்க் நல்ல தண்ணி டேங்கைவிட 15 சதவீதம் பெருசா இருக்கணும். அமெரிக்காவோட உணவு, மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வோட உணவு விதிகள்லயும் இதே கணக்குதான். “ஏன் சார், ஊத்தின தண்ணிதானே வெளிய வரும்?”னு கேட்டேன். “ஐஸ் உருகினதும் கசடும் எங்கம்மா போகும்? டேங்க் நிரம்பினா நீங்க ரோட்டுலதான் திறந்து விடுவீங்க”ன்னார். பதில் பேச முடியலை.

தீயணைப்புத் துறை ஆய்வும் அப்படித்தான். கேஸ் இணைப்பு ஒவ்வொண்ணுலயும் சோப்பு நுரை தடவி, குமிழி வருதான்னு பார்த்தாங்க. அடுப்புக்கு மேல தானா பீய்ச்சுற தீயணைப்பு அமைப்பு, எண்ணெய்த் தீக்குன்னே இருக்கிற தனி சிலிண்டர், ரெண்டும் கட்டாயம். செலவு கண்ணைக் கட்டுது, உண்மைதான். ஆனா நாலு பக்கமும் தகரம், வெளியேற ஒரே கதவு, உள்ளே கொதிக்கிற எண்ணெய். இந்த விதியை நான் குறை சொல்ல மாட்டேன்.

எரிச்சல் எல்லாம் கவுன்டர்லதான். சுகாதாரத்துல கேட்டா பொதுச் சமையல்கூடத்தோட போட்ட ஒப்பந்தம் எங்கேன்னு கேட்கிறாங்க. வண்டியை ராத்திரி நிறுத்தி, கழுவி, கழிவு நீரை இறக்குறதுக்கு அப்படி ஒரு இடம் வேணும், நியாயம். ஆனா அந்தக் கூடத்துக்காரர் பெர்மிட் காட்டினாத்தான் கையெழுத்துங்கிறார். தீயணைப்புல சுகாதாரத்தோட வரைபட ஒப்புதல் கேட்கிறாங்க. வாகனப் பதிவுல தீயணைப்புச் சான்றிதழ் கேட்கிறாங்க. எல்லாரும் ஒரே மாநகராட்சிக்குத்தான் விண்ணப்பிக்கிறோம், ஒரே ஃபைல் நம்பர் குடுத்து உள்ளுக்குள்ளேயே சுத்த விட்டா என்ன? ‘ஒற்றைச் சாளரம்’னு போர்டு மட்டும் பளபளன்னு இருக்கு.

இதைக்கூடப் பொறுத்துக்கலாம். எங்க நிறுத்தலாம்ங்கிற விதியைத்தான் பொறுக்க முடியலை. ஏற்கெனவே இருக்கிற ஓட்டல் வாசல்லேருந்து இத்தனை தூரத்துக்குள்ள வண்டி நிக்கக் கூடாதாம். மேப்பை எடுத்து ஒவ்வொரு ஓட்டலையும் சுத்தி வட்டம் போட்டுப் பார்த்தேன். ஆள் நடமாட்டம் இருக்கிற தெரு எல்லாமே வட்டத்துக்குள்ள மாட்டிக்குது. மிஞ்சினது கோடவுன் தெரு, அங்க லாரி டிரைவரே இறங்க மாட்டார்.

“ஓட்டல்காரங்க வாடகை, வரி எல்லாம் கட்டுறாங்கம்மா”ங்கிறார் கிளார்க். சரி சார், நாங்க கட்டுற கட்டணத்துக்கு என்ன பேராம்? ஓட்டல்காரர் பக்கம் நியாயமே இல்லைன்னு சொல்லலை. என் கியூ அவர் வாசலை மறிச்சா, என் ஜெனரேட்டர் சத்தத்துல அவர் வீட்டுல குழந்தை எழுந்துட்டா, குப்பையை நான் அங்கேயே விட்டுட்டுப் போனா, அபராதம் போடுங்க. சத்தத்துக்கு ஒரு அளவு, கியூவுக்கு ஒரு கோடு, குப்பைக்கு ஒரு தொட்டின்னு எழுதினா முடிஞ்சுது. தூர விதியில இது ஒண்ணும் தீரலை, போட்டி மட்டும்தான் தள்ளிப்போகுது. சிகாகோவுல 200 அடி விதி இருக்கு, வண்டி எங்க நிக்குதுன்னு காட்ட ஜி.பி.எஸ். கருவியும் கட்டாயம். வண்டிக்காரங்க தரப்புல கோர்ட்டுக்குப் போய்ப் பார்த்தாங்க. 2019-ல அந்த ஊர் இருக்கிற இல்லினாய் மாநிலத்தோட உச்ச நீதிமன்றம் விதி செல்லும்னு சொல்லிடுச்சு. சட்டப்படி செல்லலாம், அதுக்காக நல்ல விதின்னு ஆயிடுமா?

பெர்மிட் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு கொண்டு வரப்போறதா இப்ப பேச்சு அடிபடுது. தயவுசெஞ்சு நியூயார்க்கைப் பாருங்க. 1980-கள்ல வரம்பு வெச்சாங்க. 200 டாலர் பெர்மிட் கறுப்புச் சந்தையில 20,000 டாலருக்கு மேல வாடகைக்குப் போச்சு. வண்டியில வெயில்ல நிக்கிறவர் ஒருத்தர், பெர்மிட் வேற ஒருத்தர் பேர்ல. 2021-ல சட்டத்தை மாத்தி, புது உரிமம் வாங்கினவரே வண்டியில இருக்கணும்னு கொண்டு வந்தாங்க. அந்த ஒரு வரியை இங்கேயும் எழுதினா, பல வண்டி வெச்சிருக்கிறவங்க ஆன்லைன்ல வண்டி நிறுத்துற இடம் பதிவு பண்றப்போ நல்ல இடத்தையெல்லாம் அள்ளிட்டுப் போறதும் குறையும்.

ஆக, ஆய்வுக்கு நாலு ஸ்டார், கவுன்டருக்கு ரெண்டு, இட ஒதுக்கீட்டுக்கு ஒண்ணு. புதுசா வர்றவங்க வண்டிக்கு அட்வான்ஸ் குடுக்கிறதுக்கு முன்னாடியே வரைபடத்தை சுகாதாரத்துல காட்டிடுங்க. சிங்க் இடம் மாறினா தகரத்தை வெட்டணும், அந்தச் செலவு பெர்மிட் கட்டணத்தையே தாண்டிடும். கவுன்டருக்குக் காலையில முதல் ஆளா போங்க, சாப்பாட்டு நேரத்துக்கு அப்புறம் டோக்கன் தர்றதில்லை.