சூடான எஞ்சினோடு வரும் பழைய ஸ்போர்ட்ஸ் கூபேயை நம்பாதீர்கள்: காரின் விலையில் பாதி போயிற்று

காருக்குக் கொடுத்த விலையில் சரிபாதி. எஞ்சினைத் திரும்ப ஓட வைக்க அவ்வளவு ஆகிறது. கிராங்க் ஷாஃப்ட் வெளியே கிடக்கிறது. இரண்டாவது சிலிண்டரின் பிக் எண்ட் பேரிங் (பிஸ்டன் தண்டு கிராங்க் ஷாஃப்ட்டைப் பிடிக்கும் இடத்துத் தாங்கி) செம்பு தெரியத் தேய்ந்து, இருந்த இடத்தில் நிற்காமல் சுழன்று, கிராங்க் ஜர்னலைக் கீறிவிட்டிருக்கிறது. வாங்கிய பிறகு ஓட்டிய கொஞ்ச தூரத்தில் வந்த தேய்மானம் இல்லை இது. நோயோடு இருந்த எஞ்சினை, நோய் தெரியாதபடி மூடிக் கொடுத்திருக்கிறார்கள்.

விற்றது, பழைய கார்களைத் தாங்களே சோதித்து, சான்றிதழ் கொடுத்து, ஆன்லைனில் விற்கும் தளம். பெயர் வேண்டாம், அந்த மாதிரித் தளம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கார், ஆறு சிலிண்டர், டர்போ இல்லாத, அதிக ரெவ் எடுக்கும் கூபே. பின்சக்கர இயக்கம், மேனுவல் கியர். ஓடோமீட்டரில் 1,60,000 கி.மீ.

1,60,000 என்பதே ஆபத்து என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எஞ்சின் சூடாகும்வரை ரெவ் ஏற்றாமல், சரியான ஆயிலை நேரத்துக்கு மாற்றி ஓட்டிய கூபே அதைத் தாண்டியும் நன்றாக ஓடும். வருடக்கணக்கில் ஷெட்டில் நின்று 40,000 மட்டும் ஓடிய கார், காய்ந்த ஆயில் சீல்களோடும் வெடித்த டயர்களோடும் அதைவிட அதிகச் செலவு வைக்கலாம். அந்த ஓட்டம் எப்படி ஓடியது என்பதற்குக் காகிதம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இந்தக் காருக்கு இருந்தது ஒரே பேனா மையில், ஒரே அழுத்தத்தில் முத்திரை குத்திய சர்வீஸ் புக். ஒரு பில்கூட இல்லை. "பழைய ஓனர் எல்லாத்தையும் தொலைச்சிட்டார் சார்."

பார்வைக்குக் கொண்டுவந்தபோதே எஞ்சின் சூடு. "இப்பதான் இன்னொரு இடத்துல காட்டிட்டு வர்றோம்" என்றார்கள். பானட்டுக்கு அடியில் எல்லாம் கழுவி, ரப்பர் பைப்புகளுக்குக்கூட மெருகு பூசியிருந்தது. ஐட்லிங்கில் ஊசி அசையவில்லை. பிறகு, கேட்காமலே ஸ்கேனரைச் செருகினார் அவர்களுடைய சோதனையாளர். "பாருங்க சார், ஒரு கோடுகூட (கோளாறுக் குறியீடு) இல்ல. இவ்வளவு ஓடின வண்டியில இப்படிப் பார்க்கவே முடியாது." திரையில் பூச்சியம், கையில் சான்றிதழ். நம்பிக்கை வந்தது அந்த நிமிடத்தில்தான். பணம் போனதும் அந்த நிமிடத்தில்தான்.

அந்தப் பூச்சியம் எப்படி வருகிறது என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும். எந்த மலிவு ஸ்கேனராலும் கோடுகளை ஒரு பொத்தானில் அழித்துவிடலாம். ஆனால் அழித்த சுவடு காருக்குள்ளேயே இருக்கும். கோடுகளை அழித்ததும் கேட்டலிஸ்ட், ஆக்ஸிஜன் சென்சார், எரிபொருள் ஆவி ஆகியவற்றின் 'ரெடினஸ் மானிட்டர்'கள் எல்லாம் 'முடியவில்லை' என்ற நிலைக்குத் திரும்பிவிடும். நகரத்திலும் நெடுஞ்சாலையிலும் கலந்து ஓட்டி, குளிர்ந்த எஞ்சினைச் சில தடவை ஸ்டார்ட் செய்த பிறகுதான் அவை ஒவ்வொன்றாக 'தயார்' ஆகும். அதோடு, கோடு அழித்ததிலிருந்து ஓடிய தூரத்தையும், எஞ்சின் எத்தனை முறை குளிர்ந்து சூடானது என்பதையும் பெரும்பாலான கார்களின் ஓபிடி (கோளாறுகளைக் கண்காணிக்கும் உள் கணினி) தனியாக எண்ணி வைத்திருக்கும். எஞ்சினைப் பிரித்த மெக்கானிக் அந்தத் தூரத்தை எடுத்துக் காட்டினார். வாங்கிய பிறகு ஓட்டிய தூரத்தைவிடச் சில கிலோமீட்டர்தான் கூடுதல். காட்டக் கொண்டுவரும் முன் அழித்திருக்கிறார்கள், வேறு விளக்கம் இல்லை.

ஸ்கேனர் காட்டியவர்கள் அந்தப் பக்கத்தைத் திறக்கவே இல்லை. இன்னொன்று: பேரிங் தேய்மானத்துக்குப் பல கார்களில் கோடே வராது. கோடு இல்லாததைக் காட்டி எஞ்சின் நல்லது என்று சொல்வதே மோசடி.

சூடான எஞ்சினைக் காட்டுவதற்கும் காரணம் இருக்கிறது. குளிர்ந்த எஞ்சினை முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போதுதான் டைமிங் செயின் டென்ஷனர், வேரியபிள் வால்வ் டைமிங், வால்வ் சீல் எல்லாம் உண்மையைச் சொல்லும். ஓரிரு நொடி செயின் சலசலப்பு, முதல் புகையில் நீலம், இரண்டு சிலிண்டர் தடுமாறிப் பிறகு சேர்வது, இவையெல்லாம் சூடான பிறகு கேட்காது, தெரியாது. பிக் எண்ட் சத்தமோ நேர்மாறு. குளிரில் கேட்டுச் சூடானதும் மறையும் மந்தமான தட்டல் பெரும்பாலும் பிஸ்டன் ஸ்லாப், அதாவது பிஸ்டன் சிலிண்டர் சுவரில் தட்டுவது. எஞ்சின் சூடேறச் சூடேறக் கூடும் அழுத்தமான டக் டக்தான் பிக் எண்ட், ஏனென்றால் சூட்டில் ஆயில் மெலிந்து, தேய்ந்த பேரிங்கின் இடைவெளியை நிரப்ப முடியாமல் போகிறது. கூலன்ட் ஊசி நடுவுக்கு வந்துவிட்டால் ஆயிலும் சூடாகிவிட்டது என்று அர்த்தமில்லை. ஆயில் சூடேற இன்னும் 15 நிமிடமாவது நன்றாக ஓட்ட வேண்டும். அதன் பிறகு 2,000 முதல் 2,500 ஆர்பிஎம் வரை பிடித்து, ஆக்ஸிலரேட்டரை லேசாகத் தட்டி விட வேண்டும். விட்ட நொடியில் தட்டல் கேட்கும். ஒவ்வொரு சிலிண்டரின் இக்னிஷன் காயில் கனெக்டரையும் மாற்றி மாற்றிக் கழற்றினால், எந்த சிலிண்டரில் தட்டல் குறைகிறதோ அங்கேதான் பேரிங் போயிருக்கிறது.

அவர்கள் கொடுத்த டெஸ்ட் டிரைவ் அந்தச் சூடு வருமுன் முடிந்துவிட்டது. அது போதாதென்று ஆயிலையும் கெட்டியாக்கியிருக்கிறார்கள். வடித்தபோது எஞ்சினுக்குரிய ஆயில் மாதிரி வழியவில்லை, தேன் மாதிரி இழுத்தது. ஆயில் ஃபில்டர் புத்தம் புதிது, அதில் ஒன்றும் இல்லை. அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பைக் கழற்றினால், ஆயிலை உறிஞ்சும் பிக்-அப் வலையில் செம்புத் தூள். ஃபில்டரை மாற்றித் தடயத்தை எடுத்துவிட்டார்கள், சம்ப்பைக் கழற்ற மறந்துவிட்டார்கள்.

புகார் கொடுத்த பிறகு நடந்தது இன்னும் மோசம். முதல் பதில்: "யூஸ்டு கார் சார், தேய்மானம் இருக்கத்தான் செய்யும்." பிரேக் பேட் தேய்வதும் பிக் எண்ட் பேரிங் செம்பு வரை போவதும் ஒன்றா? அடுத்து: "வாரண்டியில தேய்மானப் பாகம் வராது." அடுத்து: "நீங்க ரெவ் ஏத்தி ஓட்டியிருப்பீங்க." ரெவ் ஏறுவதற்காகவே செய்த எஞ்சின் அது. நல்ல பேரிங்கோடு, ஆயில் சூடான பிறகு, ரெட் லைன் வரை போனால் ஒன்றும் ஆகாது. அப்புறம்: "டெலிவரி எடுக்கும்போது திருப்தின்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களே." என்ன கோளாறு என்று எழுத்தில் கொடுங்கள் என்று கேட்டதும் அவர்களே, அதற்காக எஞ்சினைப் பிரித்ததும், "வெளியில பிரிச்சதால இனி எங்களால ஒண்ணும் பண்ண முடியாது" என்று புகாரை மூடியதும் அவர்களே. கடைசியில் அனுப்பியது அடுத்த சர்வீஸுக்கு ஒரு தள்ளுபடிக் கூப்பன். காரின் விலையில் பாதி போனதற்கு ஒரு கூப்பன்.

இப்போது இந்த வகைக் கார் வாங்க நினைப்பவர்களுக்கு.

கம்ப்ரஷன் ரிப்போர்ட் காட்டினால் வாங்கிப் பாருங்கள், ஆனால் அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று தெரிந்து பாருங்கள். சூடான எஞ்சினில் எல்லா ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, எரிபொருளை நிறுத்தி, த்ராட்டிலை முழுக்கத் திறந்து எடுத்த அளவாக இருக்க வேண்டும். மிக உயர்ந்த சிலிண்டருக்கும் தாழ்ந்ததற்கும் 10 முதல் 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் கூடாது. தாழ்ந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் ஊற்றி மறுபடி அளந்தால் ஏறுகிறதா, ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறவில்லையா, வால்வ் அல்லது ஹெட் கேஸ்கெட். சிலிண்டருக்குள் காற்றை அழுத்தி எவ்வளவு கசிகிறது என்று பார்க்கும் லீக்-டவுன் டெஸ்ட் இன்னும் நல்லது. 10 சதவீதத்துக்குள் கசிவு நல்ல எஞ்சின். 20-ஐத் தாண்டினால் காற்று எங்கே போகிறது என்று காது வைத்துக் கேட்க வேண்டும்: சைலன்ஸர் பக்கம் என்றால் எக்ஸாஸ்ட் வால்வ், ஆயில் மூடிப் பக்கம் என்றால் ரிங், கூலன்ட் டேங்கில் குமிழி என்றால் கேஸ்கெட். ஆனால் இவற்றில் எதுவும் பேரிங்கைக் காட்டாது. பேரிங்குக்கு ஆயில்தான் சாட்சி. கொஞ்ச ஆயிலை எடுத்து லேபுக்கு அனுப்பினால் ஈயம், செம்பு, தகரம் எவ்வளவு என்று வரும். ஃபில்டரை அறுத்து விரித்து வெளிச்சத்தில் பாருங்கள். நேற்று மாற்றிய ஆயிலில் இரண்டுமே பயன்படாது. விற்பதற்கு முந்தைய நாள் ஆயில் மாற்றியிருந்தால் அதைச் சலுகையாக நினைக்காதீர்கள், சந்தேகப்படுங்கள்.

மேனுவல் கூபேயில் இன்னொரு ஆபத்து தவறான கியர். ஐந்தாவதுக்குப் போக வேண்டிய கை மூன்றாவதில் விழுந்தால் சக்கரமே எஞ்சினை ரெட் லைனுக்கு மேல் இழுத்துக்கொண்டு போகும். ரெவ் லிமிட்டரால் ஒன்றும் செய்ய முடியாது, ஏனென்றால் அது எரிபொருளையோ தீப்பொறியையோ மட்டும்தான் நிறுத்தும். சில போர்ஷே மாடல்களின் கணினி இதை ஆறு நிலைகளாகப் பிரித்து, எஞ்சின் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியிருந்தபோது நடந்தது என்பதோடு பதிந்து வைக்கும். மேல் நிலைகளில், அதுவும் சமீபத்தில் பதிவு இருந்தால் விலகிவிடுங்கள்.

மாடலுக்கென்று ஒரு நோய் இருக்கும், அதைத் தெரிந்துகொள்ளாமல் எந்தக் கூபேயையும் பார்க்கப் போகாதீர்கள். 2000 முதல் 2006 வரை வந்த பிஎம்டபிள்யூ ஈ46 எம்3-இல் பிக் எண்ட் பேரிங், வேனோஸ் (பிஎம்டபிள்யூவின் வேரியபிள் வால்வ் டைமிங்), பின்பக்கம் சப்ஃபிரேம் பிடிக்கும் தரைத்தகட்டில் விரிசல். எம்96 எஞ்சின் உள்ள போர்ஷே 996 (911), 986 (பாக்ஸ்டர்) ஆகியவற்றில் ஐஎம்எஸ் எனும் இடைத்தண்டின் பேரிங், சிலிண்டர் சுவர்க் கீறல். கீறலுக்கு போரஸ்கோப் (உள்ளே விடும் குட்டிக் கேமரா) விட்டுத்தான் பார்க்க வேண்டும். பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும் மாஸ்டா ஆர்எக்ஸ்-8-இல், ரோட்டரின் முனைகளில் உள்ள ஏபெக்ஸ் சீல். அதற்குச் சாதாரண கம்ப்ரஷன் கேஜ் உதவாது, ஒரு ரோட்டருக்கு மூன்று முகங்களையும் தனித்தனியாக அளக்கும் ரோட்டரி டெஸ்டர் வேண்டும். அந்தக் கார் வடிவமைப்பிலேயே ஆயில் குடிக்கும், அதைக் கோளாறாக எண்ண வேண்டாம். நிஸ்ஸான் 370இசட்-இல் கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்ஸுக்கு உள்ளே இருக்கிறது, கசிந்தால் கியர்பாக்ஸை இறக்க வேண்டும்.

ஓட்டும்போது நான்காவது கியரில் குறைந்த வேகத்திலிருந்து முழுசாக மிதியுங்கள். வேகம் ஏறாமல் ரெவ் மட்டும் ஏறினால் கிளட்ச் வழுக்குகிறது. குளிர்ந்த கியர்பாக்ஸில் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கும்போது 'கரக்' என்றால், கியர்களின் வேகத்தைச் சமன்செய்யும் சிங்க்ரோ தேய்ந்திருக்கலாம். இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டு மறுபடி மிதிக்கும்போது நீலப்புகை வந்தால் வால்வ் சீல்.

மீட்டர் தூரத்தை நம்ப வேண்டாம். பல கார்களில் அது மீட்டரில் மட்டும் இல்லை, சாவி, கியர்பாக்ஸ், லைட் கன்ட்ரோல் மாட்யூல் போன்ற வேறு இடங்களிலும் பதிவாகியிருக்கும், மாடலுக்குரிய ஸ்கேனரால் ஒப்பிட்டுப் பாருங்கள்.

பெயின்ட் கேஜ் கொண்டு போங்கள். கம்பெனி பெயின்ட் பெரும்பாலும் 80 முதல் 150 மைக்ரான், அதைவிட இரண்டு மூன்று மடங்கு காட்டினால் மறுபடி பெயின்ட் அடித்திருக்கிறார்கள், அதற்கும் மிக அதிகம் என்றால் அடியில் பட்டி. டிஸ்க் நீலம் பாய்ந்திருந்தால், உள்ளே ரோல் கேஜ் (பாதுகாப்புக் கம்பிக் கூண்டு) போல்ட் துளை இருந்தால், ட்ராக்கில் ஓடிய காராக இருக்கலாம். டயரில் கடைசி நான்கு எண்ணைப் பாருங்கள், 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம்.

முந்தைய நாளே சொல்லிவையுங்கள், எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும் என்று. போனதும் பானட்டையும் சைலன்ஸரையும் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள், எவ்வளவு தூரம் போயிருந்தாலும். உங்கள் ஸ்கேனரை எடுத்துப் போங்கள், அவர்களுடையது வேண்டாம். சான்றிதழில் ஆயில் சோதனையும் லீக்-டவுனும் இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் அந்தக் காகிதம் எஞ்சினைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. உங்கள் மெக்கானிக்கைக் காருக்கு அடியில் பார்க்க விடாவிட்டால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். திருப்திக் கையெழுத்துக் கேட்டால், "எஞ்சின் உள்பாகங்கள் சோதிக்கப்படவில்லை" என்று எழுதிவிட்டுப் போடுங்கள். பின்னால் ஏதாவது ஆகி, அவர்கள் பிரித்துப் பார்க்கச் சொன்னால், பிரித்தாலும் வாரண்டி நிற்கும் என்று எழுத்தில் வாங்காமல் ஒரு போல்ட்டையும் கழற்ற விடாதீர்கள்.