செங்கல் இடுக்கு உதிர்ந்தால் எதை வைத்து அடைப்பது: சிமெண்டா, சுண்ணாம்பா, இரண்டும் கலந்தா?

குளச்சல் கடற்கரையிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே, தாத்தா கட்டிய ஓட்டு வீடு எங்களுடையது. தென்மேற்குப் பக்கச் சுவருக்கு மேல்பூச்சு கிடையாது, செங்கல் அப்படியே தெரியும். பழைய சுண்ணாம்புச் சாந்து விரல் பட்டாலே மணலாகக் கொட்டுகிறது என்று 2012-ல் ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டு எல்லா இடுக்கையும் சிமெண்டால் அடைத்தோம். ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல். அந்தச் சிமெண்ட் இன்றும் பல இடங்களில் அசையாமல் இருக்கிறது. போனது செங்கல்.

ஐந்தாறு மழைக்காலம் கழிந்தபின் சுவரைப் பக்கவாட்டில் பார்த்தபோதுதான் விளங்கியது. சிமெண்ட் கோடுகள் ஜன்னல் சட்டம் போலத் துருத்திக்கொண்டு நின்றன; நடுவில் கல் அரை அங்குலம் உள்வாங்கியிருந்தது. கல்லின் முகத்தைக் கட்டைவிரலால் தேய்த்தேன், தகடு தகடாக உதிர்ந்தது. உதிர்ந்த தகட்டின் உள்பக்கம் வெள்ளையாகப் பூத்திருந்தது. நாக்கில் வைத்தால் உப்புக் கரித்தது.

சிமெண்ட் மோசமான பொருள் என்று இதற்கு அர்த்தம் கிடையாது. காற்றோடு அடிக்கிற மழை எந்தச் சுவருக்குள்ளும் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். இறங்கிய ஈரம் காய்ந்து வெளியே வர ஒரு வழி வேண்டும். சாந்து மென்மையாக இருந்தால் அது சாந்து வழியாக வரும். 1:3 சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடுவதால் ஈரம் கல் வழியாக வருகிறது. கூடவே வரும் உப்பு, கல்லின் தோலுக்குப் பின்னால் படிகமாகி அதை உடைத்துத் தள்ளுகிறது. சாந்து தேய்ந்தால் சுரண்டிவிட்டு மறுபடி அடைக்கலாம். கல் தேய்ந்தால் கல்லையே மாற்ற வேண்டும். பிறகு வந்து பார்த்த வயதான கொத்தனார் ஒருவர் இதை ஒரே வரியில் சொல்லிவிட்டார்: "கல்லு மெதுவாட்டு இருந்தா, சாந்து அதுக்கும் மெதுவாட்டு இருக்கணும் மக்கா." மெதுவாட்டு என்றால் எங்கள் பக்கத்தில் மென்மையாக என்று பொருள்.

அதனால் எந்தச் சாந்து நல்லது என்று கேட்பதற்கு முன், சுவர் எதில் கட்டியது என்று பாருங்கள். இடுக்கிலிருந்து ஒரு துண்டைப் பெயர்த்து எடுங்கள். வெளுப்பாக, விரலில் நசுக்கினால் பொடியாகிறது, உள்ளே சின்னச் சின்ன வெள்ளைக் கட்டிகள் தெரிகின்றன என்றால் சுண்ணாம்பு. சாம்பல் நிறத்தில், சுத்தியலால் தட்டினால்தான் உடைகிறது என்றால் சிமெண்ட்.

எங்கள் வீடு போன்ற பழைய சுவருக்கு நான் சுண்ணாம்பைத்தான் சொல்வேன். இரண்டு வருடம் முன்பு அந்தச் சுவரை அதில்தான் மறுபடி அடைத்தேன். வேலை மெதுவானது, அதை மறைக்க மாட்டேன். சுட்ட சுண்ணாம்பை வாங்கி நீற்ற வேண்டும். தண்ணீரை முதலில் ஊற்றிவிட்டு அதில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது, கொதித்துத் தெறிக்கும். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை கட்டாயம். பிளாஸ்டிக் வாளி அந்தச் சூட்டைத் தாங்காது, இரும்பு டிரம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் சலித்து, மேலே தண்ணீர் நிற்கும்படி மூடி, குறைந்தது மூன்று வாரம் விட வேண்டும். வெண்ணெய் போலக் கரண்டியில் நிற்கும் பதம் வந்ததும் ஒன்றுக்கு மூன்று மணல் சேர்த்தேன். கீழே தரையை ஒட்டிய நாலு வரிசைக்கு மட்டும் மணலில் ஒரு பங்கைக் குறைத்து, சலித்த செங்கல் பொடியைப் போட்டேன். ஓயாத ஈரம் உள்ள இடத்தில் வெறும் சுண்ணாம்பு இறுகத் திணறும். செங்கல் பொடி சேர்ந்தால் ஈரத்திலும் இறுகும். கடுக்காய் ஊறலும் கருப்பட்டித் தண்ணியும் சேர்க்கச் சொல்லும் பெரியவர்கள் நம் பக்கத்தில் இன்றும் உண்டு. நான் சேர்க்கவில்லை, சாந்து நன்றாகவே பிடித்திருக்கிறது.

வீட்டில் நாமே செய்யும்போது சுண்ணாம்பில் எனக்குப் பிடித்தது அதன் பொறுமை. சிமெண்ட் சேர்ந்த கலவையை இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். இறுக ஆரம்பித்த பிறகு தண்ணீர் விட்டுக் குழைத்தால் அதன் பலம் போச்சு. சுண்ணாம்பும் மணலும் மட்டும் சேர்ந்த சாந்தைச் சாக்குப் போட்டு மூடி வைத்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அடித்துக் குழைத்துப் பயன்படுத்தலாம். செங்கல் பொடி சேர்த்தால் மட்டும் அன்றன்றைக்கே தீர்க்க வேண்டும். ஆனால் காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்துத்தான் சுண்ணாம்பு கல்லாகிறது. ஒரு அங்குல ஆழம் முழுக்க இறுக மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் பெருமழை அடித்தால் கரைந்து ஓடும்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இதுதான் பெரிய சிக்கல். ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்கு, இரண்டும் நமக்கு உண்டு. பொங்கல் முடிந்ததும் ஆரம்பித்து மாசிக்குள் முடித்துவிட்டால் தப்பலாம். சித்திரையில் ஆரம்பித்தால் வெயில் ஒரு பக்கம் சாந்தை வெடிக்க வைக்கும், கோடை மழை இன்னொரு பக்கம் அரிக்கும். அந்த நேரத்தில் அவசரம் என்றால் சுண்ணாம்பில் இறங்க வேண்டாம்.

அக்காவின் வீடு குலசேகரத்தில். 1990-களில் சிமெண்டில் கட்டிய மதில் சுவர். ரப்பர் மர நிழலில் பாசி பிடித்து, மேல் வரிசைகளில் இடுக்கு அரித்திருந்தது. அத்தான் 1:3 போடலாம் என்றார். நான் சிமெண்ட் ஒன்று, சுண்ணாம்பு ஒன்று, மணல் ஆறு என்றேன். இந்தக் கலவை கரண்டியிலிருந்து வழுக்கிப் போய் இடுக்கின் அடிவரை சேரும், வெறும் 1:6 போல மொரமொரவென்று உதிராது, 1:3 போலச் சுருங்கி ஓரத்தில் முடியளவு விரிசலும் விடாது. கடையில் மூட்டையாகக் கிடைக்கும் சுண்ணாம்புப் பொடியே இதற்குப் போதும், ஆனால் மூட்டை புதிதாக இருக்க வேண்டும். சிமெண்டில் கட்டிய சுவருக்கு இதைவிட நல்லதை நான் பார்க்கவில்லை. பழைய சுண்ணாம்புச் சுவருக்கு இதையும் தவிர்ப்பேன்.

பாலிமர் சேர்த்த ரெடிமேட் ரிப்பேர் சாந்தைக் குளியலறை வெளிச்சுவரில், குழாயைச் சுற்றி நாலைந்து இடுக்குக்கு வைத்தேன். நன்றாக ஒட்டுகிறது. விலை அதிகம், இறுக்கமும் அதிகம், முழுச் சுவருக்கு ஆகாது. "பேசாமல் மேலே பூசிவிடு" என்பவர்களும் உண்டு. உப்பும் ஈரமும் உள்ளே இருக்கும்போது மேலே பூசினால் பூச்சு உப்பி, தட்டினால் டொக்கென்று கேட்கும். பிறகு கல்லையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழும்.

செலவைக் கணக்குப் பார்த்தால் சாந்து ஒரு பெரிய விஷயமே இல்லை. 9 அங்குலக் கல், 10 மில்லிமீட்டர் இடுக்கு, 20 மில்லிமீட்டர் ஆழம் என்றால் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 3 லிட்டர் சாந்துதான் பிடிக்கும். பத்தடிக்கு ஆறடிச் சுவர் ஒரு 20 லிட்டர் பெயிண்ட் வாளியில் முடிந்துவிடும். காசும் நாளும் போவது பழையதைச் சுரண்டுவதில். இடுக்கின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு ஆழமாவது சுரண்ட வேண்டும். மேலோட்டமாகத் தேய்த்துவிட்டால் எந்தச் சாந்தும் ஒரு மழைக்கு மேல் தங்காது. உளியும் சிறு சுத்தியலும் போதும். கட்டிங் மெஷின் வேகமானதுதான், ஆனால் கை ஒரு நூல் விலகினாலும் கல்லின் ஓரம் போய்விடும், தூசியும் நெஞ்சுக்கு ஆகாது. முகமூடி இல்லாமல் உளிகூடப் பிடிக்காதீர்கள்.

சுரண்டியதும் தூசியைக் கழுவி, கல் ஈரமாக இருக்கும்போது, தண்ணீர் தேங்காத நிலையில் சாந்தை அழுத்துங்கள். கட்டைவிரல் வைத்தால் லேசாக மட்டும் பதியும் நேரத்தில் மட்டம் தேய்த்து, மேல் ஓரம் சற்று உள்ளேயும் கீழ் ஓரம் கல்லோடு ஒட்டியும் வருமாறு முடித்தால் மழைத் தண்ணீர் வழிந்துவிடும். சுண்ணாம்பு என்றால் மறுநாளும் ஒருமுறை அழுத்தித் தேய்க்க வேண்டும். ஒரு வாரம் ஈரச்சாக்கைத் தொங்கவிடுங்கள். கடற்கரை மணலை மட்டும் எதற்கும் தொடாதீர்கள், அதில் இருக்கும் உப்பு போதும் சுவரைத் தின்ன.

எங்கள் சுவரில் பழைய சிமெண்ட் தானாக ஆடிய இடங்களில் மட்டும் எடுத்தேன். இறுகப் பிடித்த இடத்தில் உளி வைத்தால் கல்தான் உடைந்தது, அதை விட்டுவிட்டேன். முகம் போன கற்களில் சிலவற்றை உருவி, பின்முகத்தை வெளியே திருப்பிச் சுண்ணாம்பில் வைத்தேன். இரண்டு வருட மழைக்குப் பிறகு அந்த இடுக்குகளில் வெள்ளையாக உப்புப் பூக்கிறது. துடைப்பத்தால் தட்டிவிடுகிறேன். சுற்றியுள்ள கல்லில் இதுவரை ஒரு தகடும் உதிரவில்லை. மிச்சம் இருக்கும் வடக்குச் சுவருக்கு இப்போதே சுண்ணாம்பு நீற்றி வைத்திருக்கிறேன், தை பிறந்ததும் தொடங்க வேண்டும்.