ஹாலோகிராம் கணக்கீட்டில் அலைமுகப்புப் பதிவுத் தளம்: மூன்று ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

ஈரோட்டுக்கு அருகில் உள்ள ஒரு பொறியியல் கல்லூரியின் ஒளியியல் ஆய்வகத்தில் பணிபுரிகிறேன். முப்பரிமாணப் பொருள்களுக்கான ஹாலோகிராம்களைக் கணினியில் கணக்கிட, மூன்று ஆண்டுகளாக ‘அலைமுகப்புப் பதிவுத் தளம்’ என்னும் முறையைப் பயன்படுத்தி வருகிறேன். ஜப்பானிய ஆய்வாளர்களான ஷிமோபாபா, மசுதா, இடோ ஆகியோர் 2009-இல் வெளியிட்ட முறை இது. வேகத்துக்காகக் கிராஃபிக்ஸ் கார்டு வாங்க நினைப்பவர்கள் அதற்கு முன் இதை முயன்று பார்த்துவிட வேண்டும் என்பது என் கருத்து. நான் கார்டை முதலில் வாங்கிவிட்டு ஒரு பருவத்தை வீணாக்கியவன்.

எங்கள் சோதனைப் பொருள் ஒரு விரலி மஞ்சள். எங்கள் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை; கணுவும் கிளையும் இருப்பதால் ஆழமும் நன்றாகப் புலப்படும். அதை ஸ்கேன் செய்து 10,000 புள்ளிகளாக்கி, ஒளி மாடுலேட்டரின் (கணக்கிட்ட ஹாலோகிராமை ஏற்று, தன்மேல் படும் ஒளியைப் பிக்சல் பிக்சலாக மாற்றும் சிறு திரையின்) 15.36 மில்லிமீட்டர் அகலத்துக்குள் அடங்குமாறு சுருக்கிக்கொண்டோம். மாடுலேட்டரில் 1920-க்கு 1080 என 20,73,600 பிக்சல்கள் உள்ளன. நேரடி முறையில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒவ்வொரு பிக்சலுக்கும் இடையிலான தூரத்தைக் கண்டு அலையின் கட்டத்தை, அதாவது அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த நிலையில் இருக்கிறது என்பதை, கணக்கிட வேண்டும் என்பதால், ஒரே ஒரு படத்துக்கு 2,073 கோடியே 60 லட்சம் கணக்குகள் ஆகின்றன.

இதைத்தான் முதலில் கார்டில் ஏற்றினேன். வேகம் கிடைத்தது, ஆனால் மஞ்சளின் மேல் மணல் தூவியதுபோல் படம் வந்தது. காரணம் பிடிபட இரண்டு வாரங்கள் ஆயின. பொருளுக்கும் மாடுலேட்டருக்கும் இடையிலான 20 சென்டிமீட்டர் தூரத்தில் 532 நானோமீட்டர் பச்சை ஒளியின் அலைகள் ஏறத்தாழ 3,76,000 அடங்கும். அவ்வளவு பெரிய எண்ணை ஒற்றைத் துல்லியத்தில் (ஓர் எண்ணுக்கு 32 பிட்) வைத்தால், ஓர் அலையின் 32-இல் ஒரு பங்கைவிட நுட்பமான எதையும் அது காட்டாது. இரட்டைத் துல்லியத்துக்கு (64 பிட்) மாறலாம் என்றால், விளையாட்டுக்காக விற்கப்படும் கார்டுகள் பலவற்றில் அதன் வேகம் ஒற்றைத் துல்லிய வேகத்தில் 32-இல் அல்லது 64-இல் ஒரு பங்குதான்.

பதிவுத் தள முறையில், பொருளுக்கு மிக அருகில் ஒரு கற்பனைத் தளத்தை நிறுத்தி, புள்ளிகளின் ஒளியை முதலில் அதன் மேல் மட்டும் கணக்கிடுகிறோம். 8 மைக்ரோமீட்டர் பிக்சல் இடைவெளிக்கு, ஒளி விலகக்கூடிய பெருமக் கோணம் பக்கத்துக்குச் சுமார் 1.9 டிகிரி. ஆகவே தளத்திலிருந்து 5 மில்லிமீட்டரில் உள்ள கடைசிக் கணுவின் ஒளிகூட, 21 பிக்சல் ஆரமுள்ள ஒரு வட்டத்துக்குள், அதாவது ஏறத்தாழ 1,400 பிக்சல்களில், அடங்கிவிடுகிறது. மொத்தக் கணக்கு 1 கோடியே 40 லட்சத்தைத் தாண்டுவதில்லை. தளத்திலிருந்து மாடுலேட்டர் வரையிலான மீதித் தூரத்தை விரைவு ஃபூரியே மாற்றம் என்னும் கணித உத்தி, தளம் முழுவதையும் சேர்த்து, ஒரே வீச்சில் கடக்கிறது. புள்ளிகள் இரட்டித்தாலும் அந்தப் பகுதியின் நேரம் மாறுவதில்லை. கார்டே இல்லாத பழைய கணினியில்கூட விரலி மஞ்சள் சில நொடிகளில் தயாராகிவிட்டது.

நான் எதிர்பாராத நன்மை ஒன்றும் உண்டு. 5 மில்லிமீட்டருக்குள் சுமார் 9,400 அலைகளே இருப்பதால், ஒற்றைத் துல்லியமே போதுமானதாகி, மணல் மறைந்தது. மாடுலேட்டர் வரையிலான நீண்ட தூரத்துக்கு ஃபூரியே மாற்றத்தில் பயன்படும் பெருக்குக் காரணிகளை இரட்டைத் துல்லியத்தில் ஒருமுறை கணக்கிட்டுச் சேமித்துவிட்டோம்.

புள்ளிகளின் வட்டங்களையும் 64 ஆழங்களுக்கு முன்கூட்டியே கணக்கிட்டு அட்டவணையாக்கினோம். 1993-இல் ஹாலோகிராம் ஆய்வாளர் லூசென்டே காட்டிய வழியின் ஒரு சிறு வடிவம் அது. சென்னிமலையில் தறி ஓடும் வீட்டிலிருந்து வரும் ஒரு மாணவர் அதைப் பார்த்து, “சார், இது எங்க வீட்டு ஜக்கார்டு அட்டை மாதிரிதானுங்க, ஒருக்கா குத்தி வெச்சுட்டா அப்புறம் நெய்ய வேண்டியதுதான்” என்றார். நான் வகுப்பில் சொன்ன விளக்கத்தைவிட அது தெளிவாக இருந்தது. எனினும் கார்டில், நினைவகத்திலிருந்து அட்டவணையை எடுப்பதைவிட நேரடியாகக் கணக்கிடுவதே சில வேளைகளில் விரைவாக இருந்தது. அட்டவணை பழைய கணினிக்கே உகந்தது.

குறைகளும் இல்லாமல் இல்லை. தளம் அருகில் இருந்தால் நல்லது என்று கருதி, ஒருமுறை அதை மஞ்சளின் நடுவிலேயே வைத்தேன். தூரம் பூச்சியமான ஒரே ஒரு புள்ளியில் வகுத்தல் பிழைத்து, ஃபூரியே மாற்றத்தில் அந்தப் பிழை எல்லாப் பிக்சல்களுக்கும் பரவி, திரை முழுவதும் கறுத்துவிட்டது. ஆழமான காட்சிக்கும் இம்முறை தனியே ஈடுகொடுக்காது: தளத்திலிருந்து 5 சென்டிமீட்டர் பின்னால் இன்னொரு மஞ்சளை வைத்தால் வட்டத்தின் ஆரம் பத்து மடங்காகி, பரப்பு நூறு மடங்காகிறது. அதற்கு இரண்டாவது தளம் ஒன்றை அமைத்துச் சமாளிக்கிறோம்.

2021-இல் அமெரிக்காவின் எம்ஐடி குழு வெளியிட்ட நரம்பு வலைப்பின்னல் முறை, 1920-க்கு 1080 அளவிலான வண்ண ஹாலோகிராம்களை ஒரே கார்டில் நொடிக்கு 60 என்ற வேகத்தில் தருகிறது. ஆனால் பிக்சல் இடைவெளியையும் அலைநீளத்தையும் மாற்றி மாற்றிப் பார்க்கும் மாணவர் ஆய்வகத்துக்கு, ஒவ்வொரு முறையும் மறுபயிற்சி அளிப்பது கட்டுப்படியாகாது என்பதால் நாங்கள் மாறவில்லை. இப்போது எங்களுக்கு நேரம் பிடிப்பது ஹாலோகிராம் கணக்கு அன்று; மஞ்சளைத் திருப்பும்போதெல்லாம் பின்புறம் மறைய வேண்டிய புள்ளிகளைக் கண்டுபிடித்து நீக்கும் பகுதிதான். அதை இன்னும் பழைய பைத்தான் நிரலிலேயே ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.